சாலைக்கு அடியில் என்ன இருக்கிறது?

கிள்ளானிலிருந்து பந்திங் வழியாக மோரிப் கடற்கரைக்குக் காரில் போயிருக்கிறீர்களா? மேற்குக் கரையோரச் சாலைகளில் பின் இருக்கையில் தூங்கும் பிள்ளைகூட, பாலம் வந்துவிட்டதைக் கண் திறக்காமலே சொல்லிவிடும். பாலத்தில் ஏறும்போது ஒரு 'டங்'. இறங்கும்போது இன்னொரு 'டங்'. ஓட்டுநர் கையில் காப்பி வைத்திருந்தால் அது சட்டைக்குப் போய்விடும்.

காலை நிகழ்ச்சியில் சாலையைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், நேயர்களின் கோபமெல்லாம் தாரின் மேல்தான் பாயும். 'தார் சரியில்லை', 'தாரை மெலிசாகப் போட்டுவிட்டார்கள்', 'குத்தகையாளர் தாரில் கை வைத்துவிட்டார்'. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பாலத்தின் இரு முனைகளிலும் கேட்கும் அந்தச் சத்தத்துக்குத் தாரைக் குற்றம் சொல்ல முடியாது. பாலம் ஆழத்தில் இறக்கிய பைலிங் தூண்களின் மேல் நிற்கிறது. அந்தத் தூண்கள் கெட்டியான தளத்தைத் தேடிக் கீழே போயிருக்கின்றன. பாலத்துக்கு வந்து சேரும் சாலைக்கு அப்படிக் கால்கள் இல்லை. அது களிமண்ணின் மேல் படுத்திருக்கிறது. பாலம் நின்ற இடத்திலேயே நிற்க, சாலை மட்டும் ஆண்டுக்காண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. பள்ளத்தை நிரப்ப மேலே தார் ஊற்றினால், அந்தத் தாரின் எடையும் சேர்ந்து மண்ணை அழுத்தும். மறுபடி இறங்கும்.

எங்கள் பெரியப்பா பொதுப்பணி இலாகாவில் சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜே.கே.ஆர். குவாட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு இப்படி ஒரு பெரியப்பாவோ மாமாவோ கட்டாயம் இருப்பார். இந்த நாட்டின் பழைய சடக்குகளில் நம்மவர்கள் சிந்திய வியர்வைக்குக் கணக்கே இல்லை. பெரியப்பா அடிக்கடி ஒன்று சொல்வார்: "ரோடுன்னா தாருன்னு நெனைச்சிக்கிட்டு இருக்கீங்க. தாரு மேலுக்குப் போடற சட்டைம்மா. ஒடம்பு கீழ இருக்கு."

இந்த வாரம் அந்த உடம்பைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதைத் தேற்றுவதற்குச் சுண்ணாம்பும் ஆலைக் கழிவும் மருந்தாகும் கதை அது. மருந்து என்றால் அளவும் உண்டு, பத்தியமும் உண்டு. அதையும் பேச வேண்டும்.

மூவாரில் சரிந்த கரை

தீபகற்பத்தின் மேற்குக் கரையோரம் பெரும்பகுதி, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடலாகவும் சேறாகவும் இருந்த இடம். கடல் பின்வாங்கியபோது விட்டுப்போனது, சாம்பல் நிறக் கடற்களிமண். இந்த மண்ணின் துகள்கள் மணலைப்போல உருண்டையானவை அல்ல. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள். சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டதுபோல அவை கிடக்கின்றன, இடையிடையே தண்ணீர். சில இடங்களில் உலர்ந்த மண்ணின் எடைக்குச் சமமாக அதற்குள் நீர் இருக்கும். மேலே எடை வைத்தால் அந்த நீர் மெல்ல மெல்ல வெளியேறும். மண் அமிழும். எடையை அவசரமாக ஏற்றினால் மண் பொறுமை இழந்து பக்கவாட்டில் பிதுங்கிச் சரிந்துவிடும்.

எவ்வளவு எடையைத் தாங்கும் என்பதை நம் நாட்டில் நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வட-தெற்கு நெடுஞ்சாலை போடப்பட்ட காலத்தில், நெடுஞ்சாலை வாரியம் மூவார் சமவெளியில் 14 சோதனைக் கரைகளை எழுப்பியது. அவற்றில் 13இல் மண்ணை உறுதிப்படுத்தும் வெவ்வேறு முறைகளைச் செய்து பார்த்தார்கள். மிச்சமிருந்த ஒன்றுக்கு எந்த வைத்தியமும் செய்யவில்லை. அது சரியும்வரை மண்ணைக் கொட்டிக்கொண்டே போவதுதான் திட்டம். எந்த உயரத்தில் சரியும் என்று வெளிநாட்டு நிபுணர்களை முன்கூட்டியே கணிக்கச் சொன்னார்கள். 1989இல் கோலாலம்பூரில் நடந்த மாநாட்டில் அந்தக் கணிப்புகளையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கரை சுமார் ஐந்தரை மீட்டர் உயரத்தில் சரிந்திருந்தது. கணிப்புகளோ ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை. மெத்தப் படித்தவர்களையே தடுமாற வைத்த மண் இது.

மண்ணின் பலத்தை அளக்கப் பொறியாளர்கள் பயன்படுத்தும் எளிய சோதனை ஒன்று உண்டு. பெயர் சி.பி.ஆர். கலிபோர்னியாவின் நெடுஞ்சாலைத் துறையில் பிறந்த சோதனை என்பதால் அந்த மாநிலத்தின் பெயரும் அதில் ஒட்டிக்கொண்டது. மண்ணை ஓர் உருளையில் அடைத்து, நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்து, சுமார் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு தண்டை அதற்குள் அழுத்துவார்கள். இரண்டரை மில்லிமீட்டர் இறங்க எவ்வளவு விசை தேவைப்பட்டது? அதே அளவு இறங்க நல்ல உடைகல்லுக்குத் தேவைப்படும் விசையை 100 என்று வைத்தால், நம் மண்ணுக்கு எத்தனை? நம் நாட்டுச் சாலை வடிவமைப்புக் கையேடு அடிமண்ணுக்குக் குறைந்தபட்சம் 5 விழுக்காடு கேட்கிறது. ஊறிப்போன கடற்களிமண் ஒன்று, இரண்டு என்று இழுத்துக்கொண்டு நிற்கும்.

தேர்வில் தோற்ற மண்ணை என்ன செய்வது? வழக்கமான வழி, அதைத் தோண்டி லோரியில் ஏற்றி எங்கோ கொட்டிவிட்டு, வேறு இடத்திலிருந்து செம்மண்ணையும் கல்லையும் கொண்டுவந்து நிரப்புவது. இதில் நாலு செலவு இருக்கிறது. தோண்டும் கூலி, லோரிக் கூலி, புதிய மண்ணின் விலை, பழைய மண்ணைக் கொட்ட இடம். ஐந்தாவது செலவு ரசீதில் வராது. எங்கோ ஒரு குன்று குறைந்திருக்கும்.

இன்னொரு வழி, தோற்ற மாணவனைப் பள்ளியிலிருந்து நீக்காமல், அங்கேயே உட்காரவைத்துப் பாடம் சொல்லிக் கொடுப்பது. அந்த ஆசிரியரின் பெயர்தான் சுண்ணாம்பு.

வெற்றிலைக்கும் சாலைக்கும் ஒரே கணக்கு

சுண்ணாம்பு நமக்குப் புதியதல்ல. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருந்தது. தீபாவளிக்கு முன் லயத்துச் சுவரில் ஏறியது. சிமெண்ட் வருவதற்கு முன் கோயில் மதில்களைக் கட்டியது சுண்ணாம்புக் காரைதான்.

ஈப்போ பக்கம் போனால் கிந்தா பள்ளத்தாக்கில் எழுந்து நிற்கும் சுண்ணாம்புக்கல் குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்லைச் சூளையில் சுமார் 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கிடைப்பது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் பட்டால் கொதித்துப் பொங்கி நீற்றுச் சுண்ணாம்பாக மாறும். இந்தக் கொதிப்பே ஈரமண்ணுக்கு முதல் உதவி. சுட்ட சுண்ணாம்பை ஈரக் களிமண்ணில் கலந்தால், அது மண்ணிலிருக்கும் நீரில் ஒரு பங்கைக் குடித்துவிடுகிறது. எழும் வெப்பத்தில் இன்னொரு பங்கு ஆவியாகிறது. நேற்று பூட்ஸை விடாமல் பிடித்த சேற்றில், இன்று இயந்திரம் ஏறி ஓட முடிகிறது.

இரண்டாவது வேலை சில மணி நேரத்தில் தொடங்குகிறது. களிமண் தகடுகளின் மேல் ஒட்டியிருக்கும் சோடியம் போன்ற அயனிகளைத் தள்ளிவிட்டு, சுண்ணாம்பின் கால்சியம் அங்கே உட்கார்ந்துகொள்கிறது. விலகிக் கிடந்த தகடுகள் ஒன்றோடு ஒன்று நெருங்கித் திரள்கின்றன. பிசின்போல இழுபட்ட மண், உதிரியான குருணைபோல ஆகிவிடும். ரொட்டி மாவு புட்டு மாவானதுபோல.

மூன்றாவது வேலைதான் உண்மையான பலத்தைத் தருவது. அதற்கு அவசரம் கிடையாது. சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடுகிறது. பி.எச். அளவு 12.4ஐ ஒட்டி வந்தால், களிமண்ணில் இருக்கும் சிலிகாவும் அலுமினாவும் கரையத் தொடங்கும். கரைந்தவை கால்சியத்தோடு சேர்ந்து, சிமெண்டில் உண்டாவதைப் போன்ற பசையாக மாறித் துகள்களைக் கட்டிப்போடும். இது வாரக்கணக்கில், மாதக்கணக்கில், சில மண்ணில் ஆண்டுக்கணக்கில்கூட நடக்கும்.

எவ்வளவு சுண்ணாம்பு? பெரும்பாலும் உலர்மண்ணின் எடையில் 3 முதல் 8 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். சரியான அளவைக் கண்டுபிடிக்க 1966இல் ஈட்ஸ், கிரிம் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்ன முறை இன்றும் பயனில் இருக்கிறது. மண் மாதிரிகளில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய், எந்த அளவில் பி.எச். 12.4ஐத் தொடுகிறதோ அதுவே குறைந்தபட்சத் தேவை. வெற்றிலை போடுகிறவர்களுக்கு இந்தத் தத்துவம் நன்றாகவே தெரியும். குறைந்தால் சிவக்காது. கூடினால் வாய் வெந்துவிடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சாலைக்கு இப்படிச் செய்யும் வைத்தியம் பெரும்பாலும் மேல்மண்ணின் இருபது, முப்பது சென்டிமீட்டருக்கு. இருபது மீட்டர் ஆழத்துக்குக் களிமண் இருந்தால், அதன் அமிழ்வை இந்த மேல்பூச்சு நிறுத்தாது. அதற்கு மண்ணுக்குள் ஆழமாகத் துளைத்து, சுண்ணாம்பையோ சிமெண்டையோ கலந்து தூண் தூணாக இறுகவைக்கும் வேறு முறை இருக்கிறது. 1970களில் சுவீடனிலும் ஜப்பானிலும் வளர்ந்த முறை அது. பாலத்து 'டங்'கைக் குணப்படுத்த அந்த மாதிரி ஆழ்ந்த வைத்தியம் வேண்டும். மேல்மண் வைத்தியம் சாலையின் பரப்பு குழிவதையும் வெடிப்பதையும் தடுக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு 'சுண்ணாம்பு போட்டும் இறங்கிவிட்டதே' என்று சொன்னால், அது சுண்ணாம்பின் குற்றமல்ல.

சாம்பலுக்கு வந்த மவுசு

சுண்ணாம்புக்கும் ஒரு விலை இருக்கிறது. பணத்தைச் சொல்லவில்லை. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்புதான் கிடைக்கும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடும். சூளையை எரிக்கும் எரிபொருளின் புகை தனி. ஈப்போ குன்றுகளும் வளர்ந்து வருவதில்லை. ஆகவே சுண்ணாம்பைக் குறைத்துக்கொண்டு அதே பலத்தைப் பெற வழியுண்டா என்று உலகமெங்கும் தேடினார்கள். பதில் ஆலைகளின் பின்வாசலில் குவிந்து கிடந்தது.

இதற்கு முன்னோடிகள் ரோமானியர்கள். நேப்பிள்ஸ் நகருக்கு அருகிலுள்ள பொத்சுவோலி வட்டாரத்தின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால், அது தண்ணீருக்கு அடியிலும் இறுகும் என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த ஊர்ப் பெயரிலிருந்துதான், சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும் சாம்பல்களுக்குப் 'பொசொலான்' என்ற பொதுப்பெயர் வந்தது. நம்மிடம் எரிமலை இல்லை. அனல்மின் நிலையங்கள் இருக்கின்றன. காப்பார், மஞ்சோங், ஜிமா, தஞ்சோங் பின் என்று நிலக்கரி எரிக்கும் நிலையங்களில், புகையோடு பறக்கும் மெல்லிய சாம்பலைப் பிடித்துவைக்கிறார்கள். அது பறக்கும் சாம்பல். மாவைவிட மென்மையானது, சிலிகாவும் அலுமினாவும் நிறைந்தது. களிமண்ணில் இவை போதாத இடத்தில், சாம்பல் அந்தக் குறையை நிரப்புகிறது. சுண்ணாம்பு தனியாக நின்று செய்ய முடியாத வேலையைச் சாம்பலோடு கைகோத்துச் செய்துவிடுகிறது.

பட்டியல் அதோடு முடியவில்லை. நெல் ஆலையில் உமி எரிந்த சாம்பலில் சிலிகா அபரிமிதம். இரும்பு உருக்கும் உலைகளின் கசடை அரைத்தால், கொஞ்சம் சுண்ணாம்பு தூண்டிவிட்ட உடனே சிமெண்ட்போல இறுகும். கேஸ் வெல்டிங்குக்கு அசிட்டிலின் வாயு தயாரிக்கும் இடங்களில், கார்பைடில் தண்ணீர் ஊற்றி வாயுவை எடுத்தபின் மிஞ்சும் வெள்ளைச் சேறு இருக்கிறதே, அதில் பெரும்பங்கு நீற்றுச் சுண்ணாம்புதான். சூளையில் புதிதாகச் சுட வேண்டிய அவசியமே இல்லை.

தோட்டப்புறத்துக்காரர்களுக்கு இதெல்லாம் வியப்பாக இருக்காது. செம்பனை ஆலையின் கொதிகலனில் நாரும் ஓடும் எரிந்து கட்டிகட்டியாக மிஞ்சும் கிளிங்கரைக் கொண்டுவந்து, தோட்டச் சடக்கின் குழிகளை அடைப்பது பழைய வழக்கம். ஆலைக்கு இடம் மிச்சம், சடக்குக்குக் கல் மிச்சம். செம்பனைச் சாம்பலை மண்ணோடும் சிமெண்டோடும் கலந்து நம் பல்கலைக்கழகங்கள் நிறையவே ஆய்வு செய்திருக்கின்றன.

சாம்பலைப் பயன்படுத்தாமல் குவித்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் பாடம் இருக்கிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கிங்ஸ்டன் என்ற இடத்து அனல்மின் நிலையத்தில் ஈரச் சாம்பலைக் கரை கட்டிச் சேமித்து வைத்திருந்தார்கள். 2008 டிசம்பர் 22ஆம் தேதி அந்தக் கரை உடைந்து, 100 கோடி கேலனுக்கும் அதிகமான சாம்பல் குழம்பு ஆற்றிலும் வீடுகளின் மேலும் பாய்ந்தது. குவிப்பதைவிடக் கட்டிப்போட்டுப் பயன்படுத்துவது மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்கே கோட்டை விடுகிறார்கள்?

ஆய்வுக்கூடத்தில் ஒரு வாளி மண்ணில் வெற்றி பெறுவது வேறு, மூன்று கிலோமீட்டர் சாலையில் வெற்றி பெறுவது வேறு. களத்தில் முதலில் மண்ணைக் கிளறுவார்கள். சுண்ணாம்பையும் சாம்பலையும் அளந்து பரப்பி, சுழலும் கத்திகள் உள்ள இயந்திரத்தால் கலப்பார்கள். தண்ணீர் தெளித்து ஓரிரு நாள் ஊறவிடுவார்கள். கெட்டியான களிமண்ணாக இருந்தால் மறுபடி கலப்பார்கள். பிறகுதான் ரோலர் ஏறும். அதன்பின் சுமார் ஒரு வாரமாவது காயாமல், கனரக லோரிகள் ஏறாமல் காக்க வேண்டும்.

இந்த வரிசையில் எதைக் குறுக்கினாலும் வினைதான். கலவை சீராக இல்லாவிட்டால் ஓரிடம் கல்லாகவும் பக்கத்து இடம் களியாகவும் இருக்கும். நம் மழை யாரிடமும் அனுமதி கேட்காது. பரப்பிய சுண்ணாம்பைக் கலப்பதற்குள் கொட்டித் தீர்த்தால், பணம் வாய்க்காலில் ஓடும். இலை, வேர், மக்கிய பொருள் நிறைந்த மண்ணில் சுண்ணாம்பு தோற்றுப் போகும். சரவாக்கின் சிபு பக்கத்துக் கரிநிலத்தில் சுண்ணாம்பை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். வேலையாட்களை மறக்கக் கூடாது. சுட்ட சுண்ணாம்பு வியர்வையில் பட்டால் தோல் வேகும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். முகத்துக்கு ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அதைப் பரப்பச் சொல்வது பாதுகாப்பு ஆகாது. கண்ணாடியும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு பகையும் உண்டு. அதன் பெயர் சல்ஃபேட். அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் ஸ்டூவர்ட் அவென்யூ என்ற சாலையின் அடிமண்ணைச் சுண்ணாம்பால் உறுதிப்படுத்தியிருந்தார்கள். அந்தச் சாலை அமிழ்வதற்குப் பதிலாக மேலே பொங்கி எழுந்து வெடித்தது. மண்ணிலிருந்த சல்ஃபேட், சுண்ணாம்போடும் அலுமினாவோடும் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற படிகமாக மாறியிருந்தது. அந்தப் படிகம் தன் அமைப்பின் ஒவ்வோர் அலகிலும் 32 நீர் மூலக்கூறுகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஊதாமல் என்ன செய்யும்? இங்கிலாந்தின் எம்40 நெடுஞ்சாலைப் பணியிலும் 1989-90 குளிர்காலத்தில் சுண்ணாம்பிட்ட மண் இப்படியே பொங்கியது. அங்கே சல்ஃபேட், களிமண்ணில் ஒளிந்திருந்த பைரைட் என்ற கனிமத்திலிருந்து பிறந்தது.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், நம் மேற்குக் கரையோரத்திலும் பைரைட் உள்ள அமில சல்ஃபேட் மண் இருக்கிறது. சில ஆலைக் கழிவுகளிலும் ஜிப்சம் வடிவில் சல்ஃபேட் உண்டு. வெளிநாட்டு வெற்றிக் கதையை அப்படியே எடுத்துவந்து இங்கே ஊற்ற முடியாது. ஒவ்வொரு சாலைக்கும் அதன் மண்ணைச் சோதிக்க வேண்டும்.

பலம் மட்டும் போதாது

இதுவரை பேசியது, சாலை நிற்குமா என்பதைப் பற்றி. என்னை அதைவிட உறுத்துவது வேறு கேள்வி. சாலை நன்றாகவே நிற்கிறது, ஆனால் அதற்கு அடியிலிருந்து கசியும் தண்ணீர் எப்படி இருக்கிறது?

நிலக்கரிச் சாம்பலில் சிலிகா மட்டும் இல்லை. நிலக்கரியில் துளித்துளியாக இருந்த ஆர்சனிக், செலினியம், போரான், குரோமியம் போன்றவை எரிந்தபின் சாம்பலில் செறிந்து நிற்கின்றன. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பைன்ஸ் என்றொரு சிற்றூர். நிலக்கரிச் சாம்பலை அங்கே குப்பை மேட்டில் கொட்டியதோடு, சாலைகளிலும் வீட்டு மனைகளிலும் நிரப்பு மண்ணாகவும் போட்டிருந்தார்கள். 2000ஆம் ஆண்டுவாக்கில் ஊர்க் கிணறுகளின் தண்ணீரைச் சோதித்தபோது போரானும் மாலிப்டினமும் இருப்பது தெரியவந்தது. பிறகு பக்கத்து நகரத்திலிருந்து குழாய் போட்டு நீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. சாம்பல் இலவசமாகக் கிடைத்திருக்கலாம். தண்ணீர்க் குழாய் இலவசமில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டும். சாம்பலை வெறுமனே கொட்டி மூடுவது ஒன்று. சுண்ணாம்போடு அளவாகக் கலந்து, இறுக்கி, மேலே தார் மூடி, பக்கத்தில் வடிகால் வைத்து, சிமெண்ட்போலக் கட்டிப்போடுவது வேறொன்று. இரண்டாவதில் நீர் உள்ளே புகுவது குறைகிறது, பல உலோகங்கள் இறுகிய பசைக்குள் சிறைப்படுகின்றன. ஆனால் எல்லாமும் சிறைப்படுவதில்லை. சில பொருள்கள் காரம் மிகுந்த சூழலில்தான் நன்றாகக் கரையும். ஆகவே 'சுண்ணாம்பு போட்டாச்சு, பயமில்லை' என்று யாரும் வாயால் சொன்னால் போதாது. சோதித்துச் சொல்ல வேண்டும்.

சோதனை முறைகள் இல்லாமல் இல்லை. உலகம் முழுதும் அறிந்த ஒன்று டி.சி.எல்.பி. ஒரு பங்கு கழிவுக்கு இருபது பங்கு மென்மையான அமிலக் கரைசல் ஊற்றி, ஒரு புட்டியில் சுமார் 18 மணி நேரம் தலைகீழாகச் சுழற்றி, பிறகு அந்த நீரில் எந்த உலோகம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். கழிவை மட்டுமல்ல, சுண்ணாம்பு சேர்த்து இறுகவைத்த கலவையையும் இப்படிப் பார்க்க வேண்டும். அமிலத்தில் மட்டுமின்றி, அந்தச் சாலை உண்மையில் சந்திக்கப்போகும் நீரிலும் பார்ப்பது நல்லது.

சட்டமும் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர (அட்டவணைக் கழிவுகள்) விதிமுறைகள் 77 வகைக் கழிவுகளைப் பட்டியலிட்டிருக்கின்றன. அந்தப் பட்டியலில் உள்ள கழிவை நினைத்த இடத்தில் கொட்டவோ விற்கவோ யாருக்கும் உரிமையில்லை. ஒரு கழிவு தீங்கற்றது, வேறு பயனுக்கு ஏற்றது என்று கருதும் ஆலை, சோதனை முடிவுகளோடு சுற்றுச்சூழல் இலாகாவிடம் சிறப்பு அனுமதி கேட்கலாம். வாசல் திறந்தே இருக்கிறது. அந்த வாசல் வழியாக வர வேண்டும், அவ்வளவுதான்.

வராதவர்கள் என்ன செய்வார்கள் என்பதை 2019 மார்ச்சில் பார்த்தோம். ஜொகூர், பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டியதால் பிள்ளைகள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள். வட்டாரத்தின் 111 பள்ளிகளை மூட வேண்டிவந்தது. அது சாலை வேலையல்ல. ஆனால் கழிவை முறைப்படி அழிக்கும் செலவைத் தப்பிக்க நினைக்கும் மனம் ஒன்றுதான். ஆற்றில் கொட்டினால் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். சாலைக்கு அடியில் கொட்டித் தார் பூசிவிட்டால்? 'மறுசுழற்சி' என்று ஒரு பச்சைப் பெயரும் வைத்துவிட்டால்?

அந்தத் தார் பூசிய சாலையின் ஓரத்தில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கம்போங்கிலும் பழைய தோட்டங்களிலும் இன்னும் கிணற்று நீரையும் வாய்க்கால் நீரையும் தோட்டத்துக்கும் மாட்டுக்கும் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சாலையோரம் கங்கோங்கும் மரவள்ளியும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 'இலவசமா மண் தர்றோம், உங்க உட்புறச் சாலையை நிரப்பிக்கொள்ளுங்கள்' என்று லோரி வந்து நிற்பதும் பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களில்தான்.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

நான் பொறியாளர் இல்லை. ஒலிவாங்கிக்கு முன் உட்கார்ந்து கேள்வி கேட்பதுதான் என் தொழில். ஆகவே உங்களுக்கும் கேள்விகளையே தருகிறேன். உங்கள் தாமானிலோ தோட்டத்திலோ ஆலைக் கழிவைக் கலந்து சாலை போடப்போவதாகத் தெரிந்தால், குடியிருப்பாளர் சங்கம் வழியாக ஊராட்சி மன்றத்திடம் நான்கே கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது, இந்தச் சாம்பல் எந்த ஆலையின் எந்த உலையிலிருந்து வருகிறது? 'சாம்பல்' என்பது ஒரு பொருளின் பெயரல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். உமிச் சாம்பலும் நிலக்கரிச் சாம்பலும் உலோக உலையின் தூசியும் ஒன்றாகிவிடாது. இரண்டாவது, இந்த மண்ணோடு, இந்தக் கழிவோடு, இந்த அளவு சுண்ணாம்பு சேர்த்துச் செய்த சோதனை அறிக்கை எங்கே? அதில் பலமும் சல்ஃபேட்டும் கசிவும் மூன்றும் இருக்கின்றனவா? மூன்றாவது, நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, பக்கத்தில் கிணறோ குளமோ உண்டா? நான்காவது, எந்தச் சாலையின் அடியில், எத்தனை டன் போடப்பட்டது என்ற பதிவு எங்கே வைக்கப்படும்?

இந்த நான்காவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். சாலை என்பது ஒருமுறை போட்டு முடிவதில்லை. பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துத் தண்ணீர்க் குழாய் பதிக்க யாராவது தோண்டுவார்கள். அந்த வேலையாளுக்குத் தான் எதைத் தோண்டுகிறோம் என்று தெரிய வேண்டும். தோண்டிய மண்ணை எங்கே கொட்டலாம், எங்கே கொட்டக் கூடாது என்று தெரிய வேண்டும். பிள்ளை பிறந்தால் சூராட் பெராணாக் எடுக்கிறோம். மண்ணுக்குள் போகும் கழிவுக்கும் அப்படி ஒரு பிறப்புப் பத்திரம் இருக்கட்டும்.

நேர்மையாகத் தொழில் செய்யும் ஆலைக்காரரும் குத்தகையாளரும் இந்தக் கேள்விகளுக்கு அஞ்ச மாட்டார்கள். அவர்களிடம் பதில் கோப்பிலேயே இருக்கும், எடுத்து நீட்டுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஒரு குன்றையும் கொஞ்சம் பொதுப் பணத்தையும் அவர்கள் மிச்சப்படுத்தித் தருகிறார்கள். காகிதம் எதுவும் இல்லாமல், 'எல்லாம் ஓகே பாஸ், இலவசம்தான்' என்று சொல்லிக்கொண்டு ஒரு லோரி வந்து நின்றால், அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அந்தச் சாலைக்காக நீங்கள் செய்யக்கூடிய மிகக் குறைந்த செலவு அதுதான்.